கலங்கலும் கணினியும்

நகர்ப்புறச் சூழல் மேலாண்மையில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தின் பங்கைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பெருநகரங்களையே எடுத்துக்கொள்கின்றன. காற்றின் தரத்தைக் கணந்தோறும் அளக்கும் நிலையங்களும், குப்பை வண்டிகளின் போக்கைத் தொடரும் ஜி.பி.எஸ். கருவிகளும், குறைகளைப் படமெடுத்து அனுப்பும் கைபேசிச் செயலிகளும் அங்கே பழகிப்போனவை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில், வேதகிரி மலையையும் அதன் அடிவாரத் தாழக்கோயிலையும் சங்கு தீர்த்தத்தையும் சூழ்ந்து வளர்ந்த திருக்கழுக்குன்றம் போன்ற ஊர்களில் சூழல் கேள்வி வேறிடத்தில் தொடங்குகிறது: வடகிழக்குப் பருவமழையின்போது நீர் எவ்வழியே வருகிறது, எங்கே நிற்கிறது, எவ்வழியே வெளியேறுகிறது என்பதே அங்கு முதற்கேள்வி.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ‘ஏரி மாவட்டம்’ என்று அழைக்கும் வழக்கு அந்நீரைத் தேக்கும் ஏரிகளின் மிகுதியால் பிறந்தது. இப்பகுதியின் ஏரிகள் தனித்தனியே நிற்பவையல்ல. மேட்டிலுள்ள ஏரி நிறைந்தவுடன் மிகைநீர் கலங்கல் வழியாக, அதாவது ஏரிக்கரையில் குறித்த உயரத்தில் கட்டப்பட்ட வழிந்தோடியின் வழியாக, வெளியேறிக் கீழேயுள்ள ஏரியின் வரத்துக்காலில் (ஏரிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலில்) சேர, அது நிறைந்து அதற்கடுத்த ஏரிக்கு நீரை அனுப்ப, இவ்வாறு சங்கிலித் தொடராகப் பாலாற்றையோ கடலோரக் கழிமுகத்தையோ அடைகிறது. இத்தொடரில் ஒரு கால் தூர்ந்துவிட்டால் மேலே வெள்ளமும் கீழே வறட்சியும் ஒரே ஆண்டில் நேர்கின்றன. ஊர் நகரமாகும்போது முதலில் மறைவது ஏரியன்று, இந்தக் கால்தான்; ஏனெனில் ஆண்டில் பத்து மாதம் உலர்ந்து கிடக்கும் குறுகிய பள்ளத்தை மண்ணிட்டு மூடுவது எளிது.

ஏரிகளைக் கண்காணிக்க இன்று கிடைக்கும் வலிமையான கருவி தொலையுணர்வு. நிலத்தைத் தொடாமல், அது எதிரொளிக்கும் கதிர்களைச் செயற்கைக்கோளிலிருந்து பதிவுசெய்து அறியும் முறை அது. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் விலையின்றிக் கிடைப்பதால், ஓர் ஏரியின் நீர்ப்பரப்பு 1980-களிலிருந்து எவ்வாறு விரிந்தும் சுருங்கியும் வந்துள்ளது என்பதை எந்த மாணவரும் கணினியில் வரைந்துவிட முடியும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2009-இல் தொடங்கிய புவன் தளத்தில் நம் நாட்டுப் படங்களும் வரைபடங்களும் உள்ளன. ஒளிப்படம் எடுக்கும் கோள்களுக்கு ஒரு குறை உண்டு: ஏரிகள் நிறையும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே வானம் மூடியிருப்பதால், அவை மேகத்தையே படமெடுத்து அனுப்புகின்றன. நுண்ணலைகளைத் தாமே செலுத்தி அவற்றின் எதிரொலியைப் பெறும் ரேடார் கோள்கள் மேகத்தை ஊடுருவி இரவிலும் காண்பவை. இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்து உருவாக்கி, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் அவ்வகையைச் சேர்ந்தது, பன்னிரண்டு நாளுக்கொரு முறை அதே இடத்தின்மேல் மீள வருவது.

இவ்வளவு கூர்மையான கண்களுக்கும் வரத்துக்கால் தென்படுவதில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. லேண்ட்சாட் படத்தின் ஒரு படவணு, அதாவது படத்தின் மிகச்சிறிய கட்டம், நிலத்தில் முப்பது மீட்டர் சதுரத்தைக் குறிக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 கோளின் நுண்மையான கட்டமும் பத்து மீட்டர். இரண்டு மூன்று மீட்டர் அகலமுள்ள கால் அக்கட்டத்துக்குள் வீட்டுக் கூரையோடும் சாலையோடும் கலந்து கரைந்துவிடுகிறது. ஆனால் அந்தக் காலுக்கு வருவாய்த் துறைப் பதிவேட்டில் புல எண் உண்டு; ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்ற வகைப்பாடும், புலப்பட வரைபடத்தில் நீள அகல அளவுகளும் உண்டு. இந்நிலப் பதிவுகளில் பெரும்பகுதி இப்போது இணையவழிச் சேவையாகவே மக்களுக்குக் கிடைக்கிறது. அவ்வரைபடங்களைப் புவித்தகவல் அமைப்பில், அதாவது இடக்குறிப்போடு தரவுகளை அடுக்கடுக்காகப் பொருத்திக் காணும் மென்பொருளில் ஏற்றி, ட்ரோன் எடுத்த சில சென்டிமீட்டர் நுண்மையுள்ள படத்தை அதன்மேல் வைத்தால், பதிவில் இருந்து நிலத்தில் இல்லாத கால்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-இல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்துக்கு வேண்டிய சான்றுகளுள் இதுவும் ஒன்று. விலை உயர்ந்த உணரிகளை நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுவே.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் சென்னைக்காக உருவாக்கப்பட்டு 2019-இல் வெளிவந்த ‘சி-ஃப்ளோஸ்’ என்னும் கடலோர வெள்ள எச்சரிக்கை அமைப்பு, மழை முன்கணிப்பையும் ஆற்றின் ஓட்டத்தையும் நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் கடலின் ஓதத்தையும் ஒருங்கே கணக்கிடுகிறது. ஓதம் உயர்ந்த வேளையில் முகத்துவாரம் வெள்ளத்தை வாங்காது என்பதால் கடலைச் சேர்த்தது சரியான முடிவு. எச்சரிக்கையை மக்களிடம் சேர்க்க மாநிலப் பேரிடர் மேலாண்மை அமைப்பு 2018-இல் டி.என். ஸ்மார்ட் செயலியை வெளியிட்டது. இவை பெரிய ஆற்றையும் பெரிய நீர்த்தேக்கத்தையும் அறிந்தவை. சிற்றேரிச் சங்கிலியைக் கணக்கில் கொள்ள வேண்டுமானால், எந்தக் கலங்கல் எந்த நாளில் வழிந்தது என்னும் அளவு வேண்டும். அதைத் தரக்கூடியவர் ஏரிக்கரையில் இருப்பவரே.

அத்தகைய தகவல் முறை இந்த நிலத்துக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகனின் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைக் காக்கவென்றே ஆண்டுதோறும் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தபோது, ஏரிப் பராமரிப்புக்கென விளைச்சலில் ஒதுக்கப்பட்ட பங்கு ஊர்க் கணக்குகளில் எழுதப்பட்டிருந்தது. ஓலையில் அமைந்த அக்கணக்கில் நீரைப் பற்றிய தகவலும் பராமரிப்புக்குரிய பொருளும் ஊரின் கையிலேயே சேர்ந்திருந்தன. இன்று படம் ஒரு நிறுவனத்திடமும், புல எண் ஒரு துறையிடமும், நிதி மற்றொரு துறையிடமும், மதகைத் திறந்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டியின் அறிவு எவரிடமும் இல்லாமலும் பிரிந்து கிடக்கின்றன. இந்தப் பிரிவுதான் கருவிக் குறைவைக் காட்டிலும் பெரிய இடர்.

காண்பதும் செயலும் இணைவதன் பயனை இம்மாவட்டத்துப் பறவைகளும் காட்டுகின்றன. வேடந்தாங்கல் மக்கள் கூழைக்கடா, நாரைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதைக் கண்டு, பறவைகளைச் சுடுவதைத் தடுக்கும் உத்தரவை 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் பெற்றார்கள்; அந்த ஏரி 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. திருக்கழுக்குன்றத்தில் நண்பகல்தோறும் மலைமேல் வந்து குருக்கள் படைத்த உணவை உண்ட இரண்டு மஞ்சள்முகப் பாறுக் கழுகுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பல்லாயிரவர் கண்டார்கள். ஊரின் பெயரோடு கலந்த அப்பறவைகள் சென்ற நூற்றாண்டின் இறுதியோடு வராமல் போயின. நாடெங்கும் பாறுகள் மடிந்ததற்கு, கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்து முதன்மைக் காரணம் என்பது 2004-இல்தான் அறிவியல் உலகுக்குத் தெரிந்தது. இந்தியாவில் அம்மருந்தின் கால்நடைப் பயன்பாடு தடைசெய்யப்பட்டது 2006-இல். நாள்தோறும் பார்த்த கண்கள் இத்தனை இருந்தும், பார்த்ததை எண்ணிக்கையாகத் திரட்டி உரியவரிடம் சேர்க்கும் வழி அன்று இல்லாதது வருத்தத்துக்குரியது.

இன்று அதற்கான வழி கைபேசியில் இருக்கிறது. ஒவ்வொரு கலங்கலிலும் அளவுகோல் ஒன்று வண்ணமிட்டுப் பதிக்கப்பட்டு, மழைக்காலத்தில் காலையும் மாலையும் நீர்மட்டத்தைப் படமெடுத்து அனுப்பும் பொறுப்பு ஊரார் ஒருவருக்கு ஊதியத்தோடு அளிக்கப்பட்டு, அவர் அனுப்பிய அளவு கீழேரி ஊரின் உள்ளாட்சி அலுவலகத்திலும் பள்ளிக்கூடச் சுவரிலும் அன்றே தமிழில் எழுதப்படுமானால், மேலேரி வழிந்த செய்தி வெள்ளத்துக்கு முன்னரே கீழேரிக்குச் சென்று சேரும்.