புலியும் புழுதியும்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்திலுள்ள தளவானூரை எட்டிப் பார்ப்பதில்லை. மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குன்றைக் குடைந்து அமைத்த சத்ருமல்லேசுவரம் அங்கேதான் இருக்கிறது. நான் போயிருந்த அன்று கோடை மழை பிடித்துக் கொண்டது. குகையின் முன்மண்டபத்தில் ஒதுங்கினேன். கூடவே ஒதுங்கிய உள்ளூர் அம்மாள் ஒருவர் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "மண்ணு எப்படி மணக்குது பார்த்தீங்களா! மசக்கையிலே இதுக்காகவே மண்ணைத் தின்னேனுங்க" என்றார்.

அந்த மணத்துக்குச் சொந்தக்காரர் வேறொருவர். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்கிருமிதான் அவர். அது உண்டாக்கும் ஜியாஸ்மின் என்ற பொருள், மழைத்துளி விழுந்ததும் மேலே கிளம்புகிறது. லட்சம் கோடியில் ஐந்து பங்கு இருந்தாலே போதும், நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

இந்தக் கிருமியைப் புலியோடு ஒப்பிட்டால் சிரிப்பீர்கள். ஆனால் இரண்டும் வாசனையால் பேசுகிற ஜாதி! புலி வாலைத் தூக்கி மரத்தின்மேல் பீச்சிவிட்டுப் போகிறதே, அது "இது என் எல்லை" என்று எழுதிய பலகை. அதில் பாசுமதி அரிசியின் மணம் வீசுமாம். அரிசிக்கு மணம் தரும் அதே பொருள்தான் அதிலும் இருக்கிறது என்று கண்டு சொன்னவர், கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றிய ரதன்லால் பிரம்மச்சாரி. பிரியாணிக்கு அரிசி களையும்போது தயவுசெய்து இதை நினைக்காதீர்கள்.

கிருமி விடுக்கும் சேதியோ, "வா, வந்து என்னைத் தின்" என்பது! மண்ணில் துள்ளித் திரியும் சின்னஞ்சிறு பூச்சிகள் மணத்தை மோப்பம் பிடித்து வந்து தின்கின்றன. கிருமியின் வித்துக்கள் அவற்றின் உடம்பில் ஒட்டிக்கொண்டு, காசில்லாமல் ஊர் விட்டு ஊர் போய்விடுகின்றன. ஸ்வீடன், இங்கிலாந்து விஞ்ஞானிகள் 2020-ல் வெளியிட்ட செய்தி இது.

புலிக்கு நகமும் பல்லும். கிருமிக்கு ஆயுதம் நஞ்சு. அண்டை அயல் கிருமிகளைக் கொல்லும் நஞ்சு. 1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில், வாக்ஸ்மனின் மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் அதைப் பிரித்தெடுத்தார். அதுதான் ஸ்ட்ரெப்டோமைசின், க்ஷயரோகத்தை எதிர்த்து நின்ற முதல் மருந்து. இருமலில் ரத்தம் கண்டால் தட்டையும் தம்ளரையும் தனியாக ஒதுக்கி, மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் எத்தனை! அந்தப் பயத்தை முதலில் அசைத்தது இந்தப் புழுதிக் கிருமி. 1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போயிற்று. மாணவருக்கு நேர்ந்த அநியாயத்தை இன்னொரு நாள் தனியாக எழுத வேண்டும்.

1972-ல் நாட்டில் 1,827 புலிகள்தான் என்று கணக்கு வந்ததும் அரசாங்கம் பதறி, மறு வருஷமே புலிகளைக் காக்கத் திட்டம் போட்டது. 2022 கணக்கில் அவை 3,682. கிருமியை யாரும் எண்ணுவதில்லை. மருந்துக்கு மசியாத க்ஷயம் பரவும் இந்நாளில், அடுத்த மருந்து எந்த வயல் மண்ணில் கிடக்கிறதோ!

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏரி மீன்லேகூட இந்த வாடை வருமே. புளித்தண்ணியிலே அலசினா போயிடும்" என்றார்.

அசந்து போனேன். ஏரி மீனில் வருவதும் ஜியாஸ்மின்தான். புளிப்புப் பட்டால் அது சிதைந்துவிடும்.

மழை விட்டது. அம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டார்.