மாமாக் கடை

மாமாக் கடை என்பது மலேசியாவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் எளிய உணவகத்திற்கு வழங்கும் பெயர் ஆகும். கோலாலம்பூர், பினாங்கு, ஈப்போ, ஜொகூர் பாரு முதலிய நகரங்களில் குடியிருப்புப் பகுதிகள் தோறும் இவை உள்ளன. பல கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கும். ரொட்டி சானாய், தே தாரிக், நாசி கண்டார், மீ கோரேங் ஆகியவை இக்கடைகளின் முதன்மையான உணவுகள். திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் வந்த பிறகு, கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்கவும் வேலை தேடியும் அங்கு செல்வோர் முதலில் கால் வைக்கும் சாப்பாட்டுக் கடை பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது. ஆகவே அதன் முறைகளை முன்கூட்டியே அறிந்து செல்வது நல்லது.

பெயர்

‘மாமாக்’ என்ற சொல் தமிழின் ‘மாமா’ என்பதிலிருந்து வந்தது எனப் பொதுவாகக் கூறுவர். கடைக்காரரை மரியாதையாக மாமா என்று அழைத்த வழக்கம் கடைக்கே பெயராயிற்று என்பது அவ்விளக்கம். மலாய், மினாங்கபாவ் மொழிகளிலும் மாமாக் என்பது தாய்மாமனைக் குறிக்கும். இரு மொழிகளிலும் உறவு முறை ஒன்றாக இருப்பதால் சொல் எளிதில் ஒட்டிக்கொண்டது. இன்று மலேசியத் தமிழ் முஸ்லிம் சமூகத்தையே இச்சொல்லால் குறிப்பதுண்டு. அதைச் சிலர் இயல்பாக ஏற்பர், சிலர் இழிவாகக் கருதுவர். கடையை மாமாக் என்று சொல்லலாம். ஆளைப் பார்த்து அப்படி அழைக்காமல் ‘அண்ணே’ என்பதே சரி. மலாய்க்காரரும் சீனரும்கூட ‘ஆனே’ என்றுதான் கூப்பிடுவார்கள். நம்முடைய அண்ணே தான் அது.

தோற்றம்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கம்பெனியின் குடியேற்றத்தை நிறுவிய தொடக்க காலத்திலேயே சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் அங்கு குடியேறினர். ‘சூலியா’ என அழைக்கப்பட்ட அவர்களின் பெயரில் ஜார்ஜ் டவுன் நகரில் இன்றும் ஒரு தெரு உள்ளது. அவர்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அருகிலேயே நிற்கிறது. வணிகரைத் தொடர்ந்து துறைமுகக் கூலிகளும், படகோட்டிகளும், அவர்களுக்குச் சோறு போடுவோரும் வந்தனர்.

அந்தச் சோற்றுக்காரர்களிடமிருந்தே நாசி கண்டார் பிறந்தது. மலாயில் நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவுதடி. தடியின் ஒரு முனையில் சோற்றுப் பாத்திரத்தையும் மறுமுனையில் குழம்புப் பாத்திரங்களையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர் இருக்கும் இடத்திற்கே கொண்டு சென்று விற்றனர். பின்னர் மரத்தடி, ஐந்தடி எனப்படும் கடை முன்நடை, பிறகு நிலையான கடை என்று வளர்ந்தது. பினாங்கின் கேம்பல் தெருவிலுள்ள ஹமீதியா உணவகம் 1907 முதல் நடப்பதாகக் கூறப்படுகிறது.

இத்தொழிலில் இறங்கியோர் பெரும்பாலும் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களையும், கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளையும் சேர்ந்தவர்கள். கடையநல்லூர் கைத்தறி நெசவாளர்களின் ஊர். நெசவு கைகொடுக்காத காலங்களில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன குடும்பங்கள் அங்கு ஏராளம். நாஞ்சில் நாட்டிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி வடக்கே போனால் வந்துவிடும் ஊர்கள்தாம் இவை. மலேசியாவின் தேசிய உணவு என்று வெளிநாட்டார் ருசித்துப் பேசும் பண்டங்களில் சில இந்த ஊர்க்காரர்களின் கையால் உருவானவை என்பது நம் பள்ளிப் பாடங்களில் ஒரு வரியாவது இடம்பெற வேண்டிய செய்தி.

அமர்வதும் கேட்பதும்

கடை திறந்த வெளியாக இருக்கும். மேசைகள் நடைபாதை வரை நீளும். யாரும் இடம் காட்ட மாட்டார்கள். காலியான இடத்தில் உட்கார வேண்டியதுதான். பணியாளர் வந்தவுடன் முதலில் “குடிக்க என்ன?” என்று கேட்பார். நம் ஊரில் சாப்பிட்டு முடித்துச் சாயா கேட்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சற்று விசித்திரமாகத் தோன்றும். அங்கே பானம் முதலில், உணவு பிறகு.

தே தாரிக் என்பதற்கு ‘இழுத்த தேநீர்’ என்று பொருள். கடுஞ்சாயத்துடன் டின்னில் வரும் கெட்டிப் பாலைச் சேர்த்து, இரு கைகளையும் விரித்துப் பாத்திரத்திலிருந்து பாத்திரத்திற்கு உயரத்திலிருந்து ஆற்றுவர். நுரை மேலே நிற்க வேண்டும். நம் சாயாக்கடை மாஸ்டர் செய்யும் வித்தையேதான். வேறுபாடு பாலில் இருக்கிறது. நம்மிடம் கறந்த பால், அங்கே இனிப்பிட்ட டின் பால். அதனால் தே தாரிக் கேட்டால் சர்க்கரை இல்லாமல் வராது. சர்க்கரை நோயுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இனிப்பைக் குறைக்க ‘கூராங் மானிஸ்’ என்று சொல்லலாம், முழுவதும் தவிர்க்க ‘தே ஓ கோசோங்’ என்று கேட்க வேண்டும். தே ஓ என்றால் பாலில்லாத தேநீர். கோசோங் என்றால் வெறுமை, அதாவது சர்க்கரையும் இல்லை. ‘தே ஓ ஆயிஸ் லிமாவ்’ என்பது பனிக்கட்டியும் எலுமிச்சையும் சேர்ந்த கட்டஞ்சாயா. நம் போஞ்சியில் தேயிலை கலந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

ரொட்டி சானாய் நம் புரோட்டாவின் உடன்பிறப்பு. சானாய் என்ற பெயர் சென்னையிலிருந்து வந்தது என்பர் சிலர். மாவைத் தேய்த்து மெலிதாக்குவதைக் குறிக்கும் மலாய்ச் சொல் அது என்பர் வேறு சிலர். இரண்டாவது விளக்கமே பொருத்தமாகத் தெரிகிறது. ஊர்ப் பெயர்தான் காரணம் என்றால், இராமநாதபுரத்தாரும் கடையநல்லூராரும் சுட்ட ரொட்டிக்குச் சென்னையின் பெயர் ஏன் வந்தது என்ற கேள்வி எழும். சிங்கப்பூரில் இதையே ‘ரொட்டி பிராட்டா’ என்கிறார்கள். அங்கே பழைய பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டுக்கும் மைதா மாவுதான், எண்ணெயில் ஊறிய உருண்டைகள்தான், வீசும் வித்தையும் ஒன்றுதான். வீசிய பிறகு நாஞ்சில் நாட்டுக் கடைகளில் மாவை நீளமாகச் சுருக்கி வட்டமாகச் சுற்றுவர். மாமாக் கடையில் பெரும்பாலும் நான்கு பக்கமும் மடித்துச் சதுரமாகக் கல்லில் போடுவர். சால்னாவுக்குப் பதில் பருப்புக் குழம்பும் மீன் அல்லது கோழிக் குழம்பும் சிறிய கிண்ணங்களில் வரும். பருப்புக் குழம்பு மட்டும் போதும் என்றால் முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லையேல் இரண்டையும் சேர்த்து ஊற்றிக் கொண்டுவந்து விடுவார்கள். வகைகள் பல: எதுவும் சேராதது ரொட்டி கோசோங், முட்டை சேர்ந்தது ரொட்டி தெலூர், வெங்காயம் சேர்ந்தது ரொட்டி பாவாங், வாழைப்பழம் வைத்தது ரொட்டி பீசாங். கூம்பாக உயர்ந்து நிற்கும் ரொட்டி தீசு குழந்தைகளுக்கானது. இறைச்சியும் முட்டையும் வைத்து மடித்த முர்தபாக், ‘மடித்தது’ என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து பெயர் பெற்றது.

மீ கோரேங் சீனரின் மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் சோயாக்கட்டியும் முட்டையும் சேர்த்து நம்மவர் வறுத்த பண்டம். சீனத்தில் அப்படி ஒன்று கிடையாது, தமிழ்நாட்டிலும் கிடையாது. பக்கத்துக் கடையில் கண்டதைத் தம் கைமணத்தில் செய்து பார்த்தவர்கள் உண்டாக்கியது.

நாசி கண்டார் வேண்டுமெனில் எழுந்து சென்று கண்ணாடிப் பெட்டிக்கு முன் நிற்க வேண்டும். பொரித்த கோழி, மாட்டிறைச்சி, கணவாய், இறால், மீன் தலை, மீன் முட்டை, வெண்டைக்காய் என்று வரிசையாக இருக்கும். காட்டியதை எடுத்துச் சோற்றின் மேல் வைத்து, நான்கைந்து குழம்புகளைக் கலந்து ஊற்றுவார்கள். ‘பாஞ்சிர்’ என்று சொன்னால் சோறு மிதக்க ஊற்றுவர். அச்சொல்லுக்கு வெள்ளம் என்று பொருள். குழம்புகள் கலந்து விழுவதில்தான் இதன் ருசி என்பது அவ்வூர்க்காரர் கருத்து. தேங்காயை வறுத்தரைத்த நாஞ்சில் மீன்குழம்பை அதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

விலை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ரொட்டிக்கும் தேநீருக்கும் விலை குறைவு. பத்து இருபது சென் கூடினாலே செய்தித்தாளில் வந்துவிடும். ஆனால் பெரிய இறால், கணவாய், மீன் முட்டை ஆகியவற்றை விலை கேட்காமல் எடுத்தால் பில் பல மடங்காகும். விலைப்பட்டியல் வைக்க வேண்டும் என்று சட்டம் இருந்தாலும், தட்டைப் பார்த்தே கணக்குச் சொல்லும் வழக்கம் இன்னும் உள்ளது. எனவே எடுக்கும்போதே கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. சாப்பிட்டு முடித்ததும் ‘கிரா’ என்றால் கணக்குச் சொல்வார்கள். வீட்டுக்குக் கட்டித்தரச் சொல்ல ‘பூங்குஸ்’ என்றோ ‘தாப்பாவ்’ என்றோ சொல்ல வேண்டும். பின்னது சீனச் சொல், தமிழரும் அதையே பயன்படுத்துகின்றனர்.

யார் யார் வருவர்

இக்கடைகளில் பன்றி இறைச்சி கிடையாது. எனவே மலாய்க்காரர் தயக்கமின்றி வருவர். சீனரும் தமிழரும் வருவர். மாட்டிறைச்சியைத் தவிர்க்கும் இந்துக்கள் ரொட்டி, கோழி, மீன் என்று தேர்ந்துகொள்வர். ஒரே மேசையில் மூவினத்தாரும் அமர்ந்து உண்ணக்கூடிய இடங்கள் மலேசியாவில் அதிகம் இல்லை என்பதால் இதன் சமூக மதிப்புப் பெரிது. இரவில் பெரிய திரையில் கால்பந்து பார்க்கக் கூட்டம் சேரும். 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில் புகைபிடிக்கத் தடை உள்ளது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, நாசி லெமாக்குடன் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் இடம்பெற்றன.

முழுச் சைவர்கள் இங்கு வருவதைவிட, தமிழர் நடத்தும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளையோ சைவ உணவகங்களையோ நாடுவது நல்லது. மாமாக் கடையில் ஒரே கல்லில்தான் எல்லாம் வேகும்.

வேலை செய்வோர்

ரொட்டி வீசுவோரும் சமையற்காரரும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வேலை அனுமதியில் வருபவர்கள். இரவு நேர வேலைக்கு உள்ளூர் இளைஞர் வருவதில்லை என்பது முதலாளிகளின் குறை. அயல்நாட்டாரை நம்பியிருந்தால் உள்ளூர்ச் சம்பளம் உயராது என்பது மறுதரப்பு. 2018இல் மனிதவள அமைச்சர் மு. குலசேகரன், அடுத்த ஆண்டு முதல் உணவகங்கள் உள்ளூர்ச் சமையற்காரரையே அமர்த்த வேண்டும் என்று கூறியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அது ஆலோசனை மட்டுமே என்று பின்னர் விளக்கப்பட்டது. சிக்கல் இன்னும் தீரவில்லை.

‘புரோட்டா மாஸ்டருக்கு மலேசியாவில் வேலை’ என்ற விளம்பரத்தை நம்பிப் புறப்படுவோர் சில உண்மைகளை அறிந்திருக்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இன்றி 30 நாள் வரை மலேசியாவில் தங்க வழி செய்யப்பட்டது. இது சுற்றிப் பார்க்க மட்டுமே. இதைப் பயன்படுத்திப் போய் வேலையில் சேர்ந்தால் சட்டவிரோதக் குடியேறியாகக் கைதாக நேரிடும். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அத்தகையோர் வேலைக்குப் போக அனுமதி பெற வேண்டிய நாடுகளில் மலேசியாவும் ஒன்று. முகவர் இந்திய அரசிடம் பதிவு பெற்றவர்தானா என்பதை இ-மைகிரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். சேவைக் கட்டணமாக அவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. போய்ச் சேர்ந்தபின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது மலேசியச் சட்டப்படியே குற்றம். வேலை அனுமதி ஒரு முதலாளிக்கு மட்டும் உரியது. அடுத்த தெருக் கடையில் கூடுதல் சம்பளம் கிடைக்கிறது என்று மாறினாலும் அனுமதி செல்லாது. ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை ஊரில் வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.