கல் சொன்ன கதை – 14: ஆக்லாந்து பெயரில் ஒரு கணவாய்

2022-ஆம் ஆண்டு ஆக்லாந்து அருங்காட்சியகத்துக்கு பீட்டர், பார்பரா என்று இரண்டு டைரனோசாரஸ் எலும்புக்கூடுகள் வந்தன. இரண்டும் அமெரிக்க மண்ணில் தோண்டி எடுத்தவை, இரவல் விருந்தாளிகள். ‘சரி, ஆக்லாந்துக்குச் சொந்தமாக டைனோசர் காலத்துச் சரக்கு எதுவும் கிடையாதா?’ என்று கேட்டால், உண்டு. பிரம்மாண்டமாக இருக்காது, அவ்வளவுதான்.

ஆக்லாந்து நகரம் நிற்கும் தரை ரொம்பவே இளசு. ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலை வாய்கள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. துறைமுகத்துக்கு எதிரே தெரியும் ரங்கிட்டோட்டோ தீவு கடலிலிருந்து எழுந்து சுமார் 600 ஆண்டுகள்தான் ஆகின்றன. எரிமலைக் கல்லுக்கு அடியில் உள்ள மணற்பாறைக்குச் சுமார் 2 கோடி வயது. டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கதையை முடித்துக்கொண்டன.

அதைவிடப் பழைய பாறை தென்கிழக்கே ஹூனுவா மலைகளிலும் வைஹெக்கி தீவிலும் தலைகாட்டுகிறது. டைனோசர் காலத்தில் ஆழ்கடலில் படிந்து இறுகிய கருஞ்சாம்பல் கல். அதை ட்ரூரி பக்கத்துக் குவாரிகளில் உடைத்து ஜல்லியாக்குகிறார்கள். ஆக்லாந்துக்காரர்கள் கார் ஓட்டுவது அந்த ஜல்லியின் மேல்தான். ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியும் உயிர்ச்சுவடு அபூர்வம்.

சுவடு பார்க்க வேண்டுமானால் தெற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டு போர்ட் வைக்காட்டோவுக்குப் போக வேண்டும். வைக்காட்டோ ஆறு கடலில் சேரும் இடம். இரும்புத்தாது கலந்த கரிய மணல்; அலை இறங்கும் நேரம் பார்த்துத் தெற்கே நடந்தால், சாய்ந்து நிற்கும் மணற்பாறை அடுக்குகளும் சேற்றுப்பாறை அடுக்குகளும் மாறி மாறி வரும். வயது ஏறக்குறைய 15 கோடி ஆண்டு, ஜுராசிக் காலத்தின் கடைசிப் பகுதி. நியூசிலாந்து அப்போது தனிநாடாகப் பிரியவில்லை. நம் தென்னிந்தியாவும் அங்கம் வகித்த கோண்ட்வானாப் பெருநிலத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த அடுக்குகளில் கீழே கடல், மேலே காடு. கடலைக் கொஞ்சம் கொஞ்சமாக வண்டல் தூர்த்து, ஆறும் சமவெளியும் ஆக்கியிருக்கிறது. மேலடுக்குகளை ஹூரிவை என்று அங்கே ஓடும் சிற்றாற்றின் பெயரால் அழைக்கிறார்கள். அதில் பெரணி இலைகள் நரம்பு உட்படக் கரிக்கோடாகப் பதிந்து கிடக்கின்றன. அந்த ஹூரிவைப் பாறையில்தான் ஒரே ஒரு விரல் எலும்பு கிடைத்தது. ஊனுண்ணி டைனோசர் ஒன்றினுடையதாக இருக்கலாம் என்று 1998-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. ‘இருக்கலாம்’ என்பதைக் கட்டுரைத் தலைப்பிலேயே போட்டுவிட்டார்கள். ஒரு விரலை வைத்துக்கொண்டு இனத்துக்குப் பெயர் சூட்டாத அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கட்டுரை எழுதிய மூவரில் ஒருவர் ஜோன் விஃபென். கல்லூரியில் படித்தவர் அல்ல. மாலை வகுப்பில் புவியியல் கற்ற இல்லத்தரசி. நியூசிலாந்தில் டைனோசர் எலும்பே கிடைக்காது என்று நினைத்திருந்த காலத்தில், 1970-களில், ஹாக்ஸ் பே மலையோடை ஒன்றில் முதல் எலும்பைக் கண்டெடுத்தவர் அவர்தான்.

கீழே உள்ள கடல் அடுக்குகளுக்கு வருவோம். விரல் பருமனில், ஒரு முனை கூராக, வழவழவென்று ஒரு கல். அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். குறுக்கே உடைந்த துண்டைப் பார்த்தால் நடுவிலிருந்து சுற்றிலும் கதிர் விரிந்திருக்கும். இது பெலெம்னைட், கணவாயின் பழைய பங்காளி ஒன்றின் உள்ளோடு. இங்குள்ள ஓர் இனத்துக்கு 1863-இல் வைத்த பெயர் பெலெம்னைட்டஸ் ஆக்லாண்டிகஸ். அந்நாளில் இந்தக் கடற்கரையெல்லாம் ஆக்லாந்து மாகாணம். 1876-இல் மாகாணத்தைக் கலைத்துவிட்டார்கள்; கணவாயின் பெயரில் மட்டும் ஆக்லாந்து நிற்கிறது.

இதே பாறைத்தொடர் இன்னும் தெற்கே காஃபியா துறை வரை போகிறது. அங்கே தஹரோவாவில் 1970-களில் கிடைத்த அம்மோனைட்டின் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். நம் பூஜையறைச் சாளக்கிராமமும் ஜுராசிக் கடைசியில் வாழ்ந்த அம்மோனைட்தான். இது அதற்குப் பெரியண்ணன்.

இந்தக் கற்களை முதலில் முறையாகச் சேகரித்தவர் ஃபெர்டினாண்ட் ஹோக்ஸ்டெட்டர். உலகைச் சுற்றிவந்த நோவாரா என்ற ஆஸ்திரியப் போர்க்கப்பலில் புவியியலாளர். அந்தக் கப்பல் 1858 தொடக்கத்தில் இலங்கையின் காலித் துறைமுகத்தையும் சென்னையையும் தொட்டுவிட்டு, அதே டிசம்பரில் ஆக்லாந்து போய்ச் சேர்ந்தது. ட்ரூரியில் நிலக்கரி தேறுமா என்று பார்த்துச் சொல்லும்படி மாகாண அரசு கேட்டது. பார்த்துச் சொன்னவரை விட மனமில்லை. 1859 ஜனவரியில் கப்பல் புறப்பட, ஹோக்ஸ்டெட்டர் மட்டும் தங்கினார். ஆக்லாந்து எரிமலைகளை வரைபடமாக்கினார், மாவோரி வழிகாட்டிகளுடன் உள்நாட்டைச் சுற்றினார், பெட்டி பெட்டியாகக் கல் சேர்த்தார். வியன்னா திரும்பியதும் கற்களை ஆய்வாளர்களுக்குப் பங்கு பிரித்தார்: பெலெம்னைட் ஹாவருக்கு, இலைச்சுவடுகள் உங்கருக்கு. ஆக்லாந்தின் ஒராக்கெய் விரிகுடாவில் எடுத்த, டைனோசர்களுக்கு வெகுபின்னால் வந்த நுண்ணிய கடற்பாசிப் பூச்சிகள், ஃபெர்டினாண்ட் ஸ்டோலிட்ஸ்கா என்ற இளைஞருக்கு.

ஸ்டோலிட்ஸ்காவின் ஆக்லாந்துக் கட்டுரை 1865-இல் அச்சேறியது. அதற்குள் அவர் வியன்னாவில் இல்லை. 1862 முடிவில், 24 வயதில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து கல்கத்தா வந்துவிட்டார். அங்கே அவருக்காகக் காத்திருந்தவை திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களில் அதே துறையின் பிளான்ஃபோர்டு குழுவினர் திரட்டிய கிரெட்டேசியஸ் காலக் கடல் புதைபடிவங்கள், அதாவது நம் அரியலூர்க் கற்கள். 1865 முதல் 1873 வரை அவற்றைத் தொகுதி தொகுதியாக விவரித்து எழுதினார். மறுவருடமே இமயமலைப் பயணத்தில் உயிர்விட்டார். லேயில் அடக்கம் செய்தார்கள். அரியலூரைப் பற்றி இன்று யார் ஆராயத் தொடங்கினாலும் அந்தத் தொகுதிகளைப் புரட்டாமல் முடியாது.

அவற்றில் என்ன இருக்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம். அரியலூர் பக்கம் போகிறவர்கள் அதற்குள் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள், படிக்கும்போது உதவும்.

(தொடரும்)