வீட்டில் யாருடைய பேச்சு அதற்குப் புரியும்?

ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது விலையையும் ஒலியையும்தான். மிக்ஸி வாங்கும்போது இப்படி விசாரித்தால் போதும். மிக்ஸி ஓட வேண்டியதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. கரண்ட் வந்தால் ஓடும். ஸ்மார்ட் ஸ்பீக்கருக்குள் இருப்பதோ சில மைக்குகள், ஓர் ஒலிபெருக்கி, ஒரு சிப், வைஃபை இணைப்பு. நாம் சொல்வதைக் கேட்டு, பொருள் கண்டு, பதில் சொல்லும் வேலையில் பெரும்பகுதி எங்கோ தொலைவில் ஒரு நிறுவனத்தின் கணினிகளில் நடக்கிறது. நாம் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவது அந்தக் கணினிகளோடு பேசுவதற்கான ஒரு வாசல். அந்த வாசலில் நின்று வீட்டில் யார் யாரால் பேச முடியும், பேசியது எங்கே போய்ச் சேரும், எத்தனை வருடம் அது திறந்திருக்கும் என்று பார்த்த பிறகுதான் விலைக்கும் ஒலிக்கும் வர வேண்டும். முதல் கேள்விதான் இருப்பதிலேயே பெரியது. தமிழ் பேசும் வீடுகளில் அதைக் கேட்காமலேயே வாங்கிவிடுகிறோம்.

அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். அமேசான் நிறுவனம் 2014 நவம்பரில் அமெரிக்காவில் வெளியிட்ட முதல் எக்கோவின் தலையில் ஏழு மைக்குகள் இருந்தன. அறையின் ஒரு மூலையிலிருந்து ஒருவர் கூப்பிட்டால், அவருக்கு அருகில் உள்ள மைக்கில் அந்த ஒலி இம்மியளவு முன்னதாக விழும். எதிர்ப்பக்க மைக்கில் இம்மியளவு பிந்தும். அந்த வித்தியாசத்தைக் கொண்டு குரல் வரும் திசையைக் கணித்து, அந்தத் திசைக்கு மட்டும் காதைக் கூர்மையாக்கிக்கொள்கிறது கருவி. தான் பாடிக்கொண்டிருக்கும் பாட்டையே கேட்டதிலிருந்து கழித்துவிடுகிறது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்ற, அடுப்படியில் குக்கர் விசில் அடிக்க, அதற்கிடையே ஒருவர் குரலைப் பிரித்தெடுக்கும் இந்தப் பொறியியல் மெச்சத்தக்கது. பெயர் சொல்லி அழைப்பதைக் கண்டுகொள்ளும் வேலை மட்டும் கருவிக்குள்ளேயே நடக்கிறது. பெயர் காதில் விழுந்ததும் விளக்கு எரியும். அதன்பின் சொல்வது இணையம் வழியே கிளம்பிவிடும். அங்கே போய்ச் சேர்ந்த பேச்சு எந்த மொழியில் இருக்கிறது என்பதில்தான் நம் சிக்கல் தொடங்குகிறது.

இந்தியாவில் எக்கோ 2017 இறுதியிலும் கூகுள் ஹோம் 2018 ஏப்ரலிலும் விற்பனைக்கு வந்தன. எக்கோவில் பேசும் குரல் உதவியாளர் அலெக்ஸா 2019 செப்டம்பரில் இந்தி கற்றுக்கொண்டது. கூகுளின் ஸ்பீக்கர்களிலும் இந்தி உண்டு. ஆப்பிளின் ஹோம்பாட் அந்நிறுவனத்தின் குரல் உதவியாளரான சிரியை நம்பியிருக்கிறது. இந்த மூன்று நிறுவனங்களின் ஸ்பீக்கர்களிலும் கட்டளை கொடுக்கும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இடம்பெறவில்லை. தமிழ்ப் பாட்டு பாடும், தமிழ் வானொலி வைக்கும். தமிழில் கேட்டால்தான் தடுமாறும். காலையில் பூஜை நேரத்தில் கந்த சஷ்டி கவசம் கேட்க நினைக்கும் ஒரு பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சூலமங்கலம் சகோதரிகள் பாடினது வை’ என்று அவர் சொன்னால் போதாது. ‘அலெக்ஸா, ப்ளே கந்த சஷ்டி கவசம் பை சூலமங்கலம் சிஸ்டர்ஸ்’ என்று, ஆங்கில வாக்கியம் ஒன்றைக் கட்டி அதன் நடுவில் தமிழ்ப் பெயரைச் செருக வேண்டும். அந்தப் பெயரும் பாடல் தொகுப்புகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது. ‘த’வை ஒருவர் ஒரு விதமாக எழுதியிருப்பார், இன்னொருவர் வேறு விதமாக, ‘ழ’வுக்கு எத்தனையோ எழுத்துக்கூட்டல்கள். பாட்டி சரியாக உச்சரித்தும் பாட்டு மாறி வந்தால் அது அவர் பிழையே அல்ல. ஆனாலும், ‘எனக்கு இதெல்லாம் வராதுப்பா’ என்று ஒதுங்கிக்கொள்வது அவராகத்தான் இருக்கும். வீட்டில் அதிக நேரம் இருப்பவர், எழுந்து நடக்கச் சிரமப்படுபவர், கண் மங்கியவர் என்று இந்தக் கருவியால் அதிகம் பயனடைய வேண்டியவரே முதலில் வெளியே நிறுத்தப்படுகிறார்.

ஆங்கிலத்திலேயே பேசினாலும் எல்லோர் பேச்சும் ஒரே மாதிரி ஏற்கப்படுவதில்லை. அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் பேச்சறியும் மென்பொருள்களைச் சோதித்து ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெள்ளை அமெரிக்கர்கள் பேசிய 100 சொற்களில் சராசரியாக 19 தவறாக எழுதப்பட்டன. கறுப்பின அமெரிக்கர்கள் பேசியதில் 35. ஒரே நாடு, ஒரே மொழி. பயிற்சிக்குக் கொடுத்த குரல்களில் யாருடையது குறைவோ அவருக்குப் பிழை அதிகம். தமிழில் இந்தப் பிரச்சினை இன்னும் ஆழமானது. விளக்கை நிறுத்தச் சொல்ல ‘அணை’, ‘அணைச்சிரு’, ‘அமத்து’, ‘நிறுத்து’, ‘ஆஃப் பண்ணு’ என்று ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் சொல்வது மாறும். எழுத்துத் தமிழைத் தின்று வளர்ந்த மென்பொருளுக்குப் பேச்சுத் தமிழ் வேற்று மொழி போலத்தான். மதுரைப் பேச்சும் நாகர்கோவில் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் ஒன்றல்ல. டொரொன்டோவிலோ லண்டனிலோ யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அம்மம்மாவும் ஆங்கிலத்தில் பேசும் பேரப்பிள்ளைகளும் ஒரே கூடத்தில் இருக்கும் வீட்டுக்கும் இதே கதிதான்: பெட்டி பேரப்பிள்ளையின் பக்கமே திரும்பும்.

‘செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, தமிழும் இன்றோ நாளையோ வந்துவிடும்’ என்று சொல்பவர்கள் உண்டு. வரும் என்றுதான் நானும் நம்புகிறேன். கூகுளின் ஜெமினி லைவ் போனில் தமிழில் உரையாடும் என்று 2024 அக்டோபரிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆனால் போனுக்கு வந்தது ஸ்பீக்கருக்கும் அப்போதே வந்துவிடுவதில்லை என்பதைத்தான் இத்தனை வருட அனுபவம் காட்டுகிறது. கூகுள் அசிஸ்டென்ட் போனில் தமிழ் பேசத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆன பிறகும் அதே நிறுவனத்தின் ஸ்பீக்கர் ஆங்கிலமும் இந்தியும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. வரப்போவதை நம்பி இன்று காசு கொடுக்கத் தேவையில்லை. வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். அதுவரை, தமிழ் மட்டுமே பேசுவோர் உள்ள வீட்டுக்கு ஒரு சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கரும் தமிழ் கேட்கும் ஒரு போனும் ஸ்மார்ட் ஸ்பீக்கரைவிட நன்றாக உழைக்கும். கண் தெரியாதவர்களுக்கும் கையை அசைக்க முடியாதவர்களுக்கும் மட்டும் இந்தக் கணக்கு வேறு. திரையைத் தேடித் தொடாமல், படுத்த இடத்திலிருந்தே ஒருவரை அழைக்க முடிவது அவர்களுக்குப் பெரிய விடுதலை. பத்து ஆங்கிலக் கட்டளைகளைப் பழகிக்கொள்ளும் சிரமம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. அவர்களுக்கு இன்றே வாங்கிக் கொடுக்கலாம்.

பேசியது எங்கே போகிறது என்பது அடுத்தது. 2019-ல் சில மாத இடைவெளிகளில் மூன்று செய்திகள் வந்தன. அலெக்ஸா பதிவுகளில் ஒரு பகுதியை ஊழியர்கள் கேட்டு எழுதுகிறார்கள் என்று ப்ளூம்பெர்க் எழுதியது. கூகுளின் டச்சு மொழிப் பதிவுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்பதை பெல்ஜிய ஒலிபரப்பு நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. சிரியின் பதிவுகள் பற்றி கார்டியன் எழுதியது. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. மூன்று நிறுவனங்களும் விதிகளைத் திருத்தின. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தானே பதிவாகும் என்பதும் முழு உண்மையல்ல. நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகமும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து பல ஸ்பீக்கர்களுக்கு முன்னால் தொலைக்காட்சித் தொடர்களை ஓடவிட்டுச் சோதித்தபோது, யாரும் கூப்பிடாமலேயே அவை ஒரு நாளில் சராசரியாக 1.5 முதல் 19 தடவை வரை விழித்துக்கொண்டன. குழந்தைகளின் குரல் பதிவுகளை நீக்காமல் வைத்திருந்ததாக அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் எழுப்பிய குற்றச்சாட்டில் அமேசான் 2023-ல் 2.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. 2025 மார்ச்சில், பதிவுகளை அமேசானுக்கு அனுப்பாமல் கருவியிலேயே கையாளும்படி அமெரிக்காவில் சில மாடல்களுக்குத் தந்திருந்த வசதியும் விலக்கிக்கொள்ளப்பட்டது. வாங்கும் அன்று இருக்கும் விதி நாளையும் இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை.

‘மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது, போனும்தான் கேட்கிறது’ என்ற பதிலைத் தள்ளிவிட முடியாது. அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் போன் ஒருவருடையது. அவர் எடுத்துக்கொண்டு போய்விடலாம். கூடத்தில் வைத்த ஸ்பீக்கர் அந்த அறையில் இருக்கும் எல்லோரையும் கேட்கிறது. வீட்டு வேலைக்கு வருபவர், டியூஷனுக்கு வரும் பிள்ளை, பஞ்சாயத்துப் பேச வரும் உறவினர் என்று யாரும் எந்தச் சம்மதப் படிவத்திலும் விரல் வைத்தவர்கள் அல்லர். அதனால் மைக்கை நிறுத்தும் பொத்தான் உடலிலேயே இருக்கிறதா, அழுத்தினால் எல்லோருக்கும் தெரியும்படி நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். ஆப்பைத் திறந்து நிறுத்த வேண்டியிருந்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள். பதிவுகள் தானாக அழியும் காலத்தை முதல் நாளே மிகக் குறைவாக வைத்துவிட வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் குரலால் பொருள் வாங்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். 2021 இறுதியில் அமெரிக்காவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி விளையாட்டாக ஒரு சவால் கேட்க, பாதி செருகிய பிளக்கின் முனையில் நாணயத்தால் தொடு என்று அலெக்ஸா சொன்னது. இணையத்தில் கிடந்ததை எடுத்து அப்படியே வாசித்திருக்கிறது. நிறுவனம் ஒப்புக்கொண்டு திருத்திவிட்டது. தாய் அருகில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. பெரியவர்கள் காதுக்கு எட்டும் இடத்தில் ஸ்பீக்கரை வைப்பது இதனால்தான்.

திரை உள்ளதா, திரையில்லாததா என்று குழம்புபவர்களுக்கு நான் சொல்வது, மொழி கைகொடுக்காத வீட்டில் திரை கைகொடுக்கும் என்பதே. கேட்டது எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்று எழுத்தில் தெரிவதால் எங்கே தவறியது என்று பிள்ளைகள் கண்டு சொல்லலாம். மகனின் படத்தைத் தொட்டு வீடியோ அழைப்பில் பேசலாம். அங்கே ஆங்கிலம் வேண்டாம். எக்கோ ஷோவின் பெரும்பாலான மாடல்களில் கேமராவை மூடும் சிறு தள்ளுமூடி உண்டு. கூகுளின் சிறிய நெஸ்ட் ஹப்பில் கேமராவே இல்லை. வீடியோ பேச வேண்டுமானால் அது உதவாது, படுக்கையறைக்கென்றால் அதுவே நல்லது. வெளியூர்ப் பிள்ளைகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எடுக்காமலேயே இணையும் ‘ட்ராப் இன்’ அழைப்பு, கீழே விழுந்துவிட்ட முதியவரைப் பார்க்க உதவும்தான். ஆனால் அவர் உடை மாற்றும் அறையில் அதைத் திறந்துவைப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அப்பா, அம்மா என்பதற்காக அந்த அனுமதி தானாக வந்துவிடாது.

வாசல் எத்தனை வருடம் திறந்திருக்கும் என்பதற்குக் கடந்த பத்தாண்டுகளே பதில் சொல்கின்றன. மைக்ரோசாஃப்டின் குரல் உதவியாளர் கோர்ட்டானாவோடு 2017-ல் வந்த ஹார்மன் கார்டன் இன்வோக் ஸ்பீக்கர், 2021-ல் கோர்ட்டானா பறிக்கப்பட்டு வெறும் ப்ளூடூத் ஸ்பீக்கரானது. மெட்டாவின் போர்ட்டல் வீட்டுத் திரைகளுக்கு 2022-ல் முடிவு வந்தது. லெனோவோ, எல்ஜி, ஜேபிஎல் தயாரித்த டிஸ்ப்ளேக்களுக்குப் புது மென்பொருள் தருவதை கூகுள் 2023-ல் நிறுத்தியது. மூன்றுமே பெரிய நிறுவனங்கள். பெயரைப் பார்த்து நம்புவதற்கு இதில் இடமில்லை. அமேசானின் கருவிகள் பிரிவு 2017 முதல் 2021 வரை 2,500 கோடி டாலருக்கு மேல் நஷ்டப்பட்டதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2024-ல் எழுதியது. பெட்டியை மலிவாகக் கொடுத்துவிட்டுப் பின்னால் சம்பாதிக்கலாம் என்ற கணக்கு பலிக்கவில்லை. 2025 பிப்ரவரியில் அறிவித்த அலெக்ஸாவின் புதிய வடிவமான அலெக்ஸா பிளஸ்ஸுக்கு அமெரிக்காவில் அமேசான் பிரைம் சந்தா இல்லாதவர்களுக்கு மாதம் 19.99 டாலர் என்று விலை வைத்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே முதல் தடவை வாங்குபவர்கள் விலை குறைந்த சிறிய மாடலோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. நல்ல ஒலி வேண்டுமென்றால் அந்தப் பணத்தைத் தனி ஸ்பீக்கரில் போட்டு ப்ளூடூத்தில் இணைக்கலாம். சேவை போனாலும் ஒலி மிஞ்சும். எக்கோவும் நெஸ்டும் போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டு வாங்கிப் பாடும். ஹோம்பாட் அப்படிப் பாடாது. விளக்கு, பிளக் வாங்கினால் ‘மேட்டர்’ என்ற பொதுத் தரத்துக்கு ஒத்துவருவதாகப் பார்த்து வாங்கினால், ஸ்பீக்கர் மாறும்போது அவற்றையும் மாற்ற வேண்டியிராது.

கரண்ட் போகும் ஊர்களில் ரூட்டருக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாவிட்டால், ஸ்பீக்கருக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை. வீட்டில் எல்லாம் சரியாக இருந்தாலும் நிறுவனத்தின் கணினிகளில் கோளாறு வரலாம்: 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் அமெரிக்கத் தரவு மையங்களில் ஏற்பட்ட பழுதால் அலெக்ஸா பலருக்குப் பதில் சொல்லவில்லை. மாத்திரை நேரத்தை இதை மட்டும் நம்பி விடாதீர்கள். வாங்கியதும் பெட்டியையும் பில்லையும் பத்திரமாக வைத்து, திருப்பிக் கொடுக்கும் தவணை முடிவதற்குள் வீட்டில் மிக மூத்தவரிடம் கொடுத்து ஒரு வாரம் பேசச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று திருத்தாதீர்கள். பாட்டு, அழைப்பு, அலாரம் என்று அவர் கேட்டதில் எத்தனை நடந்தது என்று ஒரு தாளில் கோடு போட்டு வந்தாலே வைத்துக்கொள்வதா, திருப்புவதா என்று தெரிந்துவிடும். பிற்பாடு யாருக்காவது கொடுப்பதானால் ஃபேக்டரி ரீசெட் செய்து, ஆப்பில் உங்கள் கணக்கிலிருந்தும் அதை நீக்கிவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டுத் தொடர்பு எண்களும் அழைக்கும் வசதியும் அதனோடு இன்னொரு வீட்டுக்குப் போய்விடும்.