வண்டியின் மறதி

மோட்டார் வண்டிக்குத் தேய்மானம் புதியதன்று. ரயர் தேய்கிறது, பிறேக் கட்டை தேய்கிறது, பெல்ற் நைந்துபோகிறது. இவற்றைக் கண்ணாலும் காதாலும் அறியலாம். ஆண்டுதோறும் ஒரு தொகையை இவற்றுக்கென ஒதுக்கிவைப்பது வண்டி வைத்திருப்போர் யாவரும் அறிந்த வழக்கம். ஆனால், ஓசை எதுவுமின்றிக் கண்ணுக்குப் புலப்படாமல் தேய்கின்ற ஓர் உறுப்பும் இன்று வண்டியினுட் குடிபுகுந்திருக்கிறது. அதுவே இலத்திரனியல் நினைவகம்.

இலத்திரனியலால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. எரிபற்றலுக்குரிய தொடுமுனைகளைச் சுரண்டிச் சீர்செய்யும் வேலையும், காபரேற்றரைக் கழற்றிக் கழுவும் வேலையும் அதனாலேயே ஒழிந்தன. எஞ்சினை ஆளும் கருவி பல்லாண்டு பழுதின்றி உழைப்பதையும் காண்கிறோம். நாம் இங்கு ஆராயப்புகுவது ஓட்டுநரின் பக்கத்தில் ஒளிரும் திரையையும் அதனை இயக்கும் கணினியையும் பற்றியதாகும்.

இதற்குத் தக்க சான்று அமெரிக்காவில் உண்டு. டெஸ்லா நிறுவனம் 2012 தொடக்கம் 2018 வரை செய்த மொடல் எஸ் வண்டிகளிலும், 2016 தொடக்கம் 2018 வரை செய்த மொடல் எக்ஸ் வண்டிகளிலும் 8 கிகாபைற் கொள்ளளவுடைய நினைவகம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. மணலில் எத்தனை முறை எழுதி அழித்தாலும் மணல் தேய்வதில்லை. இந்நினைவகத்தின் நுண்ணறைகளோ ஒவ்வொரு முறையும் சிறிது நலிகின்றன. ஏறத்தாழ 3,000 முறை எழுதியழித்தபின் பயனற்றுப்போகின்றன. வண்டியின் மென்பொருள் தன் அன்றாட நடப்புக்களை ஓயாது அதிற் குறித்துக்கொண்டேயிருந்தது. 5 அல்லது 6 ஆண்டுகளில் நினைவகம் ஓய்ந்தது, திரை இருண்டது. பின்புறக் கமராவின் காட்சியும், கண்ணாடியிற் படியும் பனிப்படலத்தை நீக்கும் கட்டுப்பாடும், திருப்புச் சைகையின் ஒலியும் உடன் போயின.

2021 ஜனவரியில் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் ஏறத்தாழ 158,000 வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு கேட்டது. அடுத்த மாதம் ஏறத்தாழ 135,000 வண்டிகளைத் திரும்ப அழைக்க நிறுவனம் இசைந்தது. எனினும், நினைவகம் தேய்கின்ற உறுப்பு என்றும், வண்டியின் முழு ஆயுளுக்கும் அது உழைக்கவேண்டுமென எதிர்பார்ப்பது பொருந்தாது என்றும் அது வாதிட்டது.

இவ்வாதம் சிந்தித்தற்குரியது. தேயும் உறுப்பாயின், ரயரைப்போல அதனையும் எளிதிற் கழற்றி மாற்ற வழியிருத்தல் வேண்டுமன்றோ? அதுவோ பலகையில் ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டிருந்தது. கைதேர்ந்த தனித் தொழிலாளர் சிலர் அதனை மட்டும் பெயர்த்துப் புதியது பொருத்தினர். ஏனையோர் கருவி முழுவதையும் மாற்ற நேர்ந்தது. சிறு துண்டொன்றின் பழுதுக்குப் பெருங் கருவியின் விலை!

இஃது ஒரு நிறுவனத்தின் கதை மாத்திரமன்று. 2022 ஜனவரியில் சியாற்றில் நகரிலே, 2014 தொடக்கம் 2017 வரையிலான மஸ்டா வண்டிகள் சிலவற்றின் வானொலி ஒரே நிலையத்தில் நின்றுவிட்டது. அந்நிலையம் அனுப்பிய படக் கோப்புக்களின் பெயரில் வகையைக் குறிக்கும் இறுதிப்பகுதி விடுபட்டதே காரணம். பழுதான கருவியை மாற்ற ஏறத்தாழ 1,500 டொலர் வேண்டியிருந்தது. நிறுவனம் அதனை இலவசமாக மாற்றிக்கொடுக்க முன்வந்தது.

நிறுவனத்தின் கை நீளாத வேளையில் சுமை யார் தலையில் விழும்? அமெரிக்காவில் ஓடும் வண்டிகளின் சராசரி வயது 12 ஆண்டுகளுக்கு மேல். முதலில் வாங்கியவர் விற்றுவிடுவார், உத்தரவாதமும் முடிந்துவிடும், குறைந்த வருவாயுடைய இரண்டாம் மூன்றாம் உரிமையாளரே திரை இருளும்போது வண்டியில் இருப்பவர். இலங்கையில் இது மேலும் கருதத்தக்கது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்தாண்டுகளும் பழைய வண்டிகளைப் பேணியே நாடு ஓடியது.

ஆதலின், தேயும் உறுப்பைத் தனியே மாற்றத்தக்கதாகச் செய்தல் வேண்டும். பாதுகாப்புக்குரிய வசதிகள் ஒரே திரையை நம்பியிருத்தல் ஆகாது. பழுதுபார்த்தற்குரிய விவரங்கள் எல்லாத் தொழிலாளர்க்கும் கிட்டுதல் வேண்டும். இம்மூன்றாவதனை அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலம் 2012இலேயே சட்டமாக்கியது. ஏனைய நாடுகளும் அவ்வழிச் செல்லுமாயின், வண்டியின் ஆயுளை அதன் மிகச் சிறிய உறுப்பு நிர்ணயிக்கும் நிலை நீங்கும்.