திருகாணி அசையவில்லையா? பதறாதீர்கள்!

அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்குக் குடிவந்த சில வீடுகளில், பாட்டி காலத்துச் சிங்கர் தையல் மிஷின் இன்னும் ஒரு மூலையில் இருக்கும். தீபாவளிச் சட்டையும் பள்ளிச் சீருடையும் தைத்து, வீட்டுச் செலவுக்குக் கைகொடுத்த மிஷின் அது. பழுது பார்க்க உட்கார்ந்தால், முதல் திருகாணியே அசைய மறுக்கும்.

ஆத்திரப்பட்டு முறுக்காதீர்கள். தலையிலுள்ள பள்ளம் மழுங்கினால் பெரும் சிரமம். சிங்கரின் திருகாணிகளுக்கு மரை தனி. கடையில் கிடைக்கும் சாதாரணத் திருகாணி பொருந்தாது. ஏராளமான மிஷின்களைச் செய்த ஸ்காட்லாந்து கிளைட்பேங்க் தொழிற்சாலையும் 1980இல் மூடப்பட்டது.

இறுக்கத்துக்குக் காரணம் துரு மட்டுமல்ல. முன்பு விட்ட தேங்காயெண்ணெய் பிசினாகக் காய்ந்தும் பிடித்துக்கொள்ளும். பள்ளத்து அழுக்கை ஊசியால் சுரண்டி எடுங்கள். திருகாணியின் ஓரத்தில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, இரவு முழுதும் ஊறவிடுங்கள். அருகில் நெருப்பு வேண்டாம்.

மறுநாள், பள்ளத்தின் அகலத்துக்கும் கனத்துக்கும் சரியாகப் பொருந்தும் திருப்புளியை நேராக ஊன்றி, அதன் பிடியில் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். பலமாக அடித்தால் வார்ப்பிரும்பு உடையும். முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். அசையாவிட்டால், மறுபடியும் ஊறவிடுங்கள். பள்ளம் ஏற்கெனவே மழுங்கியிருந்தால், மெல்லிய அரத்தால் சற்று ஆழமாக்கலாம்.

கழற்றிய திருகாணியைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி மாட்டுங்கள். இனித் தேங்காயெண்ணெய் கூடவே கூடாது.

பதறாத காரியம் சிதறாது!