இந்திய நாடாளுமன்றமும் கிரிப்டோ நாணயமும்

கிரிப்டோ நாணயம் என்பது கணினி வலையமைப்பில் மட்டும் புழங்கும், எந்த அரசும் வெளியிடாத நாணயம். இதன் கொடுக்கல் வாங்கல் ஒரே வங்கியின் பேரேட்டில் இல்லாமல் பல கணினிகளில் பதியப்படுகிறது. இந்தப் பரவல் பேரேட்டு முறையின் ஒரு வகையே பிளாக்செயின்.

2018 ஏப்ரலில் வங்கிகள் இதற்குச் சேவை வழங்க ரிசர்வ் வங்கி தடை விதித்தது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. தனியார் கிரிப்டோ நாணயங்களைத் தடை செய்து, பிளாக்செயின் நுட்பத்தை வளர்க்கச் சில விலக்குகள் அளிக்கும் மசோதா 2021இல் நாடாளுமன்ற அலுவல் பட்டியலில் இருமுறை இடம்பெற்றது. ஆனால் அறிமுகம் செய்யப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ஜெயந்த் சின்ஹா தலைமையிலான நிதி நிலைக்குழு இத்துறையினரின் கருத்தைக் கேட்டது.

2022ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இதன் இலாபத்துக்கு 30 விழுக்காடு வரி விதித்தது. நட்டத்தைக் கழிக்க முடியாது. எடுத்துக்காட்டாக, திண்டிவனத்தில் ஒருவர் ஒரு நாணயத்தில் 50,000 ரூபாய் ஈட்டி, மற்றொன்றில் 40,000 ரூபாய் இழந்தால், கையில் மிஞ்சுவது 10,000. வரியோ 15,000, கூடுதல் தீர்வை தனி.

வரி விதிக்கப்படுவதால் இது சட்டப்படி செல்லும் பணமாகிவிடாது. விழுப்புரத்து வங்கிக் கிளையில் போட்ட வைப்புத்தொகைக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோ நாணயத்துக்கு அது இல்லை.